மூன்று புள்ளியும் ஒரு பிறையும்

1942 ஆகஸ்ட் 12, புதன்

இன்று தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தாக்கள் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார். காங்கிரஸோடு எங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை, எங்கள் வீட்டாருக்கும் இல்லை, இருப்பது தெரிந்தால் உடனே தெரிவிப்போம் என்று எழுதியிருந்தது. முதல் ஆளாகப் போய் நான்தான் கையெழுத்துப் போட்டேன். என்ன அவசரம் என்று தலைமைக் குமாஸ்தா கேலி செய்தார். பேனாவில் மை தீர்ந்துவிடும் என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கூடத்தில் ஒரு விருந்தாளி. நீலக்கோடு போட்ட சட்டை, ஒரு பை, ஒரு தடி நோட்டு. காலேஜை மூடிவிட்டார்களாம். என் மனைவி தையல்நாயகி ஒரே சிரிப்பாக அடை வார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து மாசம் நாலாகிறது. இரண்டு தடவை கலைந்து, இப்போது மூன்றாவது, ஆறாம் மாசம். டாக்டரம்மா மனசு அலட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள்.

விருந்தாளி யார், அவளுக்கு என்ன உறவு என்பதை இந்த நோட்டில் எழுதப்போவதில்லை. நோட்டு யார் கையிலும் சிக்கலாம். விருந்தாளி என்றே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

காத்தான் அழுக்கெடுக்க வந்தான். பன்னிரண்டு வருஷமாக எங்கள் வீட்டுக்கு வெளுப்பவன். தையல்நாயகி விருந்தாளியின் துணிகளையும் மூட்டையில் போட்டாள். கால்மணி நேர வேலை, இன்று ஒருமணி நேரம் ஆயிற்று. காரணம் விருந்தாளியின் வாய். கொல்லைப்படியில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காக்காரன் தேயிலைப் பெட்டியைக் கடலில் கொட்டினதையும், துண்டு துண்டாகக் கிடந்த இத்தாலி ஒன்றானதையும், பிரெஞ்சுக்காரன் ராஜாவை இறக்கினதையும் காத்தானுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அமெரிக்காவிலயும் வெள்ளைக்காரன், ஆண்டவனும் வெள்ளைக்காரன். அப்புறம் என்னங்க தம்பி சண்டை?" என்று காத்தான் கேட்டான்.

"தோலுக்காகச் சண்டையில்லை காத்தான். எங்களைக் கேக்காம எங்களை ஆள நீ யாருன்னு சண்டை."

காத்தான் என் வேட்டியை உதறி மூட்டையில் வைத்தான். பிறகு, "எங்களை இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் கேட்டதில்லீங்களே. வெள்ளைக்காரன் போனப்புறம் இருக்கிறவங்க கேப்பாங்களா?" என்றான்.

விருந்தாளி படியிலிருந்து எழுந்து நின்றான். "கேக்கணும். கேக்கலேன்னா நீங்க விடக்கூடாது," என்றான்.

நான் போய்க் கொல்லைக் கதவைச் சாத்தினேன். அடுத்த வீட்டில் ரெவின்யூ இன்ஸ்பெக்டரின் மாமனார் இருக்கிறார், அவருக்குக் காது பாம்புக் காது. காத்தானுக்கு இதெல்லாம் என்ன புரியப்போகிறது? தையல் கொடுக்கும் காப்பிக்காக உட்கார்ந்திருப்பான்.

ஆகஸ்ட் 15, சனி

தபால் வரவில்லை. ரயில் நாலு மணி தாமதம்.

ஆகஸ்ட் 17, திங்கள்

விருந்தாளி குளிக்கப் போயிருந்தபோது அந்தத் தடி நோட்டை எடுத்துப் பார்த்தேன். எரிக்க வேண்டியதா என்று தெரிந்துகொள்ளத்தான். பொடிப்பொடி எழுத்து. ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருந்தான்: ஜனங்கள் சம்மதிப்பதால்தான் சர்க்கார் நடக்கிறது, குமாஸ்தா எழுதுகிறான், சேவகன் டவாலி மாட்டுகிறான், குடியானவன் வணங்குகிறான், ஒருநாள் இவர்கள் எல்லோரும் மாட்டோம் என்றால் துரை தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

குமாஸ்தாவை முதலில் போட்டிருக்கிறான். என்னைப் பார்த்துத்தான் எழுதினானோ என்னவோ! நோட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். நாள் பூராவும் முத்திரை குத்தும்போதெல்லாம் என் கண்ணெதிரே துரை தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிரிப்பு வந்தது. உடனே யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

அடைக்கலம் கொடுத்தவனுக்கும் கசையடி உண்டாம். புது அவசரச் சட்டம். தலைமைக் குமாஸ்தா ஏதோ கல்யாணச் சமையலை விவரிப்பதுபோல விவரித்தார்.

வீட்டுக்கு வந்து தையலிடம் சமையல்கட்டில் நின்று உரக்கப் பேசினேன். "வீடு சின்னது. பிரசவ காலம் வரப்போகுது. வந்தவங்க போனவங்கன்னு இருந்தா ஒனக்குத்தான் சிரமம்." கூடத்தில் இருப்பவனுக்குக் கேட்கவேண்டும் என்றுதான். நேருக்கு நேர் சொல்ல எனக்கு வாய் வராது. தையல் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புளி கரைக்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 20, வியாழன்

ஆற்றுப் பாலத்துக்குக் கிழக்கே தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். தந்திக்கம்பியும் அறுந்து கிடக்கிறது. விடியற்காலையில் லைனைப் பார்க்க வந்த கேங்மேன் சிவப்புக் கொடி காட்டிக் கூட்ஸ் வண்டியை நிறுத்தியிருக்கிறான். யாருக்கும் காயமில்லை.

காலையில் நான் எழுந்தபோது விருந்தாளியின் பாய் காலியாக இருந்தது. சூரியன் வந்து நெடுநேரம் கழித்துக் கொல்லை வழியாக வந்தான். முழங்கால் வரை சேறு. தையலிடம் ஏதோ மெதுவாகச் சொன்னான். நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் தெரிவிக்கவேண்டும், கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 22, சனி

சப் இன்ஸ்பெக்டர் தாசில்தாரைப் பார்க்க வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். லைன் ஓரத்து முள்கம்பியில் மாட்டிக் கிழிந்து கிடந்ததாம். பிரித்து மேஜைமேல் போட்டார். நீலக்கோடு போட்ட சட்டை.

காலரைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் சேங்கொட்டை மையில் மூன்று புள்ளி, மேலே ஒரு பிறை.

"வண்ணான் குறி, வீட்டுக்கு ஒண்ணு. இதை வச்சே ஆளைப் பிடிச்சுடலாம் சார். திங்கட்கிழமை சுத்துப்பட்டு அஞ்சு ஊர் வண்ணானையும் ஸ்டேஷன்ல உக்கார வைக்கப்போறேன்," என்றார்.

நான் ஃபைலை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். அப்போது நான் போட்டிருந்த சட்டையின் காலரிலும் மூன்று புள்ளி, மேலே ஒரு பிறை. பன்னிரண்டு வருஷமாக என் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் குறி. யாராவது காலரைப் பிடித்துத் திருப்பினால் போதும். சாயங்காலம் வரை துண்டால் கழுத்தைச் சுற்றிக்கொண்டு தொண்டை வலி என்றேன்.

தையலிடம் சொல்லவில்லை. அவள் உடம்பு இருக்கும் இருப்பில் எப்படிச் சொல்வேன்?

ஆகஸ்ட் 23, ஞாயிறு

கால்நடையாக வண்ணாந்துறைக்குப் போனேன். காத்தான் வெள்ளாவிப் பானைக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"நாளைக்கு ஒரு சட்டையைக் காட்டுவாங்க," என்றேன்.

"தெரியும் எசமான்."

"எங்க வீட்டுக் குறின்னு சொல்லிடாதே காத்தான். தையலுக்கு ஆறு மாசம்."

"நான் ஏன் சொல்லப்போறேன்? பயப்படாதீங்க." கொஞ்சம் தயங்கினான். "எசமான், அந்தச் சட்டை விசயம் ஒண்ணு..."

பின்னால் சைக்கிள் மணி கேட்டது. போலீஸோ என்று பயந்து மூங்கில் புதருக்குள் புகுந்து வரப்பு வழியாக வீடு வந்து சேர்ந்தேன். செருப்பு ஒன்று அங்கேயே கிடக்கிறது. வந்தது பால்காரனாகக்கூட இருக்கலாம்.

ஆகஸ்ட் 24, திங்கள்

ஸ்டேஷன் ரைட்டருக்கு மலேரியா. வாக்குமூலம் எழுத ஆபீசிலிருந்து ஒருவரை அனுப்பச் சொன்னார்களாம். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று தாசில்தார் என்னை அனுப்பிவிட்டார்.

பத்தொன்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சட்டையை ஒவ்வொருவர் முகத்துக்கு எதிரிலும் நீட்டினார்கள். ஒவ்வொருவரும் தெரியாது என்றார்கள். காத்தானும் தெரியாது என்றான். குறி போடும் சேங்கொட்டையும் ஊசியும் அவன் வீட்டில் இருந்ததால் அவனை மட்டும் உள்ளே கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் வீட்டிலும் இருந்திருக்கும், அவன் வீடு பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

"அடையாளம் தெரியவில்லை என்கிறான்" என்று எட்டு தடவை எழுதினேன். உள்ளேயிருந்து வந்த சத்தத்தை எழுதச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

காத்தானின் வலது கை வீங்கித் தொங்குகிறது. தெரியவில்லை என்கிறான். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். தையல் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். விருந்தாளி என் தலையைப் பிடித்துவிட்டான்.

ஆகஸ்ட் 26, புதன்

நாளைக்கு அவன் பெண்டாட்டி அஞ்சலையைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது சொல்லிவிடுவான். எந்த மனுஷனும் சொல்லிவிடுவான். பிறகு என் காலரைத் திருப்புவார்கள்.

மத்தியானம் தாசில்தார் என்னைத் தனியே அழைத்தார். "யாராயிருந்தாலும் தானா முன்வந்து சொல்றவனுக்கு ஒண்ணும் வராது. அது என் பொறுப்பு," என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவருக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது.

நான் ஸ்டேஷனுக்குப் போய் சப் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். சட்டை என் மைத்துனனுடையது, உறவு என்று வந்து தங்கினான், வெளியே அவன் என்ன செய்தான் என்பது எனக்குத் தெரியாது என்றேன். பெயரைக் கேட்டார். மெய்கண்டான் என்றேன்.

காத்தானைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. அதனால் சொன்னேன்.

ஆகஸ்ட் 27, வியாழன்

காலை ஏழு மணிக்கு வந்தார்கள். மெய்கண்டான் அக்காவுக்காகக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். குடத்தைத் ததும்பாமல் இறக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டினான். என் பக்கம் திரும்பி, "அத்தான், அக்காவைப் பாத்துக்குங்க. ஒங்களுக்கு ஏதும் வராது, நான் பேசிக்கிறேன்," என்றான். சப் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். தையல் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டாள்.

விளக்கேற்றினபின் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"எதை வச்சுப் பிடிச்சாங்களாம்?"

"சட்டையை வச்சு. லைன் ஓரத்துல கிடந்துதாம்."

"எந்தச் சட்டை?"

"நீலக்கோடு போட்டது. வந்தன்னிக்குப் போட்டிருந்தானே."

அவள் என்னையே பார்த்தாள். "அதுதான் வெளுக்கப் போயிருக்கே," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"தம்பி வந்த வாரம் வெள்ளிக்கிழமையே காத்தான்கிட்ட நான்தானே போட்டேன். பத்து நாள் கழிச்சுத்தானே கொண்டாருவான்? இன்னும் ஒரு துணியும் திரும்பி வரலியே. தண்டவாளத்தைப் பேத்த அன்னிக்கு அந்தச் சட்டை எப்படிங்க தம்பி மேல இருக்கும்?"

நான் விரலை மடக்கி நாள் எண்ணினேன்.

"அன்னிக்குக் காலைல அவன் ரயில் ஸ்டேஷனுக்குப் போனான். நீங்க சமையல்கட்டுல நின்னு கத்தினது காதுல விழுந்துது, மொத வண்டிக்கே கிளம்பிட்டான். லைனை அறுத்துட்டாங்கன்னு வண்டியே வரல. ரோடெல்லாம் போலீஸ், வயல்ல இறங்கி வந்தான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல நீங்க?"

கேட்டிருக்கலாம். பன்னிரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை போகும் துணி பத்து நாள் கழித்து வருகிறது. காலரைப் பார்த்தேன், குறியைப் பார்த்தேன், நாளைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 28, வெள்ளி

காத்தானை விடுவிக்கிறார்கள், அதற்கு ஒரு காகிதம் எழுதவேண்டும் என்று மறுபடி கூப்பிட்டார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"அந்தத் தம்பி இல்லீங்க," என்றான். "நான்தான்."

சப் இன்ஸ்பெக்டர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். "என்னது?"

"வெளுக்க வந்த சட்டைங்க. நான் போட்டுக்கிட்டுப் போனேன். தண்டவாளத்துத் தகட்டைக் கழட்டினது நான். கூட யாருன்னு கேக்காதீங்க, சொல்லமாட்டேன்."

சப் இன்ஸ்பெக்டர் முதலில் திகைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கான்ஸ்டபிள்களும் சிரித்தார்கள். "வண்ணானுக்குச் சுதந்திரம் வேணுமாம்டா! எதுக்கு? துறைக்குக் கொடி கட்டவா? எசமான் வீட்டுப் பிள்ளையைக் காப்பாத்த நல்லா சொல்லிக்கொடுத்திருக்காங்க." என் பக்கம் திரும்பினார். "இதையெல்லாம் எழுதாதீர். ஆமா, அது உம்ம வீட்டுச் சட்டைதானே, இருபதாந்தேதி எங்கே இருந்தது?"

காத்தான் என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும். வெளுப்பில் இருந்தது என்று சொன்னால் போதும். ஆனால் முந்தாநாள் ஒன்று சொன்னவன் இன்று வேறு சொன்னால் எதற்கு என்று கேட்பார்கள். பொய்த் தகவல் கொடுத்த சர்க்கார் குமாஸ்தாவுக்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும், அந்தச் சட்டத்தை நகல் எடுத்தவனே நான்தான்.

"ஞாபகமில்லீங்க," என்றேன்.

"நான் சொன்னதை எழுதுங்க," என்றான் காத்தான். எசமான் என்ற வார்த்தை அதில் இல்லை. நான் எழுதவில்லை. அவனைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

செப்டம்பர் 2, புதன்

வீட்டில் வெளுத்த துணி இல்லை. அடுத்த ஊர் வண்ணாரிடம் ஆள் விட்டேன். எடுக்கிறதில்லைங்க என்று பதில். அதற்கடுத்த ஊரிலும் அதே. சேர்ந்து பேசி முடிவு செய்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அடிக்கவில்லை, திட்டவில்லை, கல்லெறியவில்லை. எடுக்கிறதில்லை, அவ்வளவுதான்.

குற்றவாளியை ஊர்தான் ஒதுக்கி வைக்கும், வண்ணானை அனுப்பாதே என்று பெரிய மனிதர்கள் உத்தரவு போடுவார்கள். இங்கே யாரும் உத்தரவு போடவில்லை. என் சட்டை நாறுகிறது. தலைமைக் குமாஸ்தா நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டார். நானே துவைக்கலாம்தான், தையல் துவைத்துத் தரமாட்டேன் என்றுவிட்டாள். அவள் என்னிடம் ஒரு வாரத்தில் பேசிய ஒரே வாக்கியம் அது.

மெய்கண்டானின் வழக்கு எட்டாம் தேதி ஸ்பெஷல் மாஜிஸ்டிரேட்டிடம் வருகிறது. ஏழு வருஷம் என்கிறார்கள். நான் சர்க்கார் தரப்புச் சாட்சி.

செப்டம்பர் 6, ஞாயிறு

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு துறைக்குப் போனேன். பட்டப்பகலில், தெரு வழியாக. ரெவின்யூ இன்ஸ்பெக்டரின் மாமனார் எழுந்து நின்று பார்த்தார்.

காத்தான் இடது கையால் துவைத்துக்கொண்டிருந்தான். வலது கை கழுத்தில் கட்டித் தொங்கியது. நான் தண்ணீரில் இறங்கி என் வேட்டியைக் கல்லில் அடித்தேன். தண்ணீர் என் முகத்தில்தான் தெறித்தது.

"என்னால பெரிய பாவம் நடந்துபோச்சு காத்தான்," என்றேன். "எங்களுக்காக நீ அவ்வளவு அடி வாங்கினே."

"ஒங்களுக்காகன்னு யார் சொன்னது?" அவன் கல்லிலிருந்து நிமிர்ந்தான். "மொத மூணு நாளு ஒங்க வீட்டு நெனப்பும் இருந்துச்சுதான். இல்லேங்கல. ஆனா அந்த வேலைக்கு நான் போனது எனக்காக. தம்பி போவச் சொல்லல, போவாதேன்னுகூடச் சொல்லல, அதுக்குத் தெரியவே தெரியாது. கேக்காம ஆளுறாங்கன்னு சொல்லிச்சு. அது என் காதுல விழுந்துது. எனக்கு ஒறைச்சிது."

"சட்டையை ஏன் போட்டுக்கிட்டுப் போனே?"

முதல் தடவையாக அவன் முகம் கொஞ்சம் இளகியது. "நாட்டுக்காகப் போறோம், நல்ல சட்டையா போட்டுக்கிட்டுப் போவோம்னு தோணிச்சு. எங்கிட்ட ஏது சட்டை?"

எனக்கு அழுகை வந்தது. தண்ணீரில் நின்றதால் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

"அடிச்சாங்க, அது பரவாயில்ல," என்றான். "வண்ணானா, இதையா செஞ்சான்னு சிரிச்சாங்க பாருங்க. நீங்களும் எழுதாம உக்காந்திருந்தீங்க. நான் செஞ்சதுக்கு அந்தப் புள்ளை ஜெயிலுக்குப் போனா, அப்ப நான் செய்யவே இல்லேன்னு ஆயிடுதுல்ல?"

"எழுதினா ஒன்னைக் கொண்டுபோயிடுவாங்க. அஞ்சலை என்ன செய்வா?"

"அவகிட்ட கேட்டுட்டேன். நீங்க ஒங்க பாட்டைப் பாருங்க, குமாஸ்தா ஐயா. எனக்கு எழுதத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும்."

என் ஈர வேட்டியை வாங்கிப் பார்த்தான். அழுக்குப் போகவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

செப்டம்பர் 7, திங்கள்

மனு எழுத நாலு காகிதம் வீணாயிற்று. ஐந்தாவதில் எழுதினேன்:

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா அம்பலவாணன், ஸ்பெஷல் மாஜிஸ்டிரேட் சமூகத்துக்கு எழுதிக்கொண்டது. சட்டை என் மைத்துனன் மெய்கண்டானுடையது. குறி என் வீட்டுக் குறி. ஆகஸ்ட் 14 முதல் அது சலவையில் இருந்தது. 26ஆம் தேதி நான் பயத்தால் தவறான தகவல் கொடுத்தேன். 28ஆம் தேதி, தான்தான் தண்டவாளத்தைக் கழற்றியதாகக் காத்தான் தன் வாயால் சொன்னதை என் காதால் கேட்டேன், எழுத வேண்டாம் என்றார்கள், நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மாஜிஸ்டிரேட்டின் குமாஸ்தா படித்துவிட்டு, "வேலை போயிடும்யா. வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வாரும்," என்று மனுவை என்னிடமே நீட்டினார். நல்ல மனுஷன். வாங்கிக்கொள்ள என் கை நீண்டுகூட விட்டது. பிறகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "முத்திரை போடுங்க," என்றேன். போட்டார்.

வீட்டில் தையலிடம் மனுவின் நகலைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"ரொம்ப."

"எனக்கும்," என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வயிற்றுப் பாரத்தோடு அவள் உட்கார என் தோளைப் பிடித்துக்கொண்டாள், பிடித்த கையை எடுக்கவில்லை.

இதை எழுதும்போது மணி நாலரை. தெருமுனையில் பூட்ஸ் சத்தம் கேட்கிறது. மூன்று பேராவது இருக்கும். முதலில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்களா, துறைக்குப் போகிறார்களா என்று தெரியவில்லை. தையல் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, "நீங்க சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு சொல்லுவேன்," என்று சொல்லியபடியே இலை போடுகிறாள்.